வாகை மரத்துக்கு வழி

ஒரு காட்டில் பட்டுப்போன வாகை மரம் ஒன்று சாய்ந்தவாக்கில் நின்றது. அதில் கொண்டையப்பன் என்ற மரங்கொத்தியும் அவன் மனைவி செவ்வந்தியும் குடியிருந்தார்கள்.

மரத்தில் நான்கு பொந்துகள். நான்கையும் கொத்தியது கொண்டையப்பன்தான். ஒன்றில் செவ்வந்தி மூன்று முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்றும் காலி.

அதுதான் கவலை. அந்தக் காட்டு வழக்கப்படி, ஆளில்லாத பொந்து முதலில் நுழைகிறவருக்குச் சொந்தம். கிளி நுழைந்தால் கிளிக்கு. பாம்பு நுழைந்தால் பாம்புக்கு. யாரும் கேள்வி கேட்க முடியாது. அதனால் மரங்கொத்திகள் நல்ல குடித்தனக்காரராகப் பார்த்துப் பொந்தைக் கொடுத்துவிடும். வாடகை ஒன்றே ஒன்றுதான்: எதிரி மரம் ஏறினால் கத்த வேண்டும். கத்தல் இருக்கிற மரத்தில்தான் குஞ்சு பிழைக்கும்.

போன வருஷம் வரை மூன்று பொந்திலும் கிளிகள் இருந்தன. நன்றாகவே கத்தின. பிறகு ஊருக்குள் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினார்கள் என்று அங்கே குடிபோய்விட்டன.

அந்தக் காட்டில் எல்லாரிடமும் போன் இருந்தது. காட்டில் ஏது போன் என்று கேட்காதீர்கள். மரங்கொத்தி வாடகைக்கு விடுவதை நம்பினீர்கள் அல்லவா, இதையும் நம்புங்கள். யாருக்கு எது வேண்டுமானாலும் போனில் தேடித்தான் போவார்கள். கொண்டையப்பனும் ஒரு வலைத்தளம் வைத்திருந்தான். பொந்துகளின் படம், மரத்துக்கு வழி, எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பொந்து என்று தேடினால் எலி வளை வரும், நண்டு வளை வரும். இவன் தளம் எங்கோ கடைசியில் கிடக்கும். அவ்வளவு தூரம் யார் போய்ப் பார்ப்பார்கள்?

பகலெல்லாம் பொந்துகளைச் செப்பனிட்டு, இரவெல்லாம் முட்டைமேல் உட்கார்ந்து, கொண்டையப்பனுக்குக் கழுத்து திரும்பாமல் போயிருந்தது. அந்த நிலைமையில்தான் கரிச்சான் குருவி வந்தான். அவன் எல்லாருடைய குரலிலும் பேசுவான். தன் குரல் எது என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"அண்ணே, இந்தக் காலத்துல எழுத்தை எவன் படிக்கிறான்? வீடியோ போடுங்க," என்றான் கரிச்சான். "தேடுறவங்க கண்ணுல வீடியோதான் முதல்ல படும். அதுக்குக் கீழே உங்க தளத்தைப் போட்டு வைங்க. தொட்டா நேரா உள்ளே வந்துடுவாங்க. விளம்பரம், செலவு ஒண்ணும் கிடையாது."

கொண்டையப்பன் மரம் கொத்துவதை வீடியோ எடுத்துப் போட்டான். ஓர் அணில் பார்த்தது. அதுவும் தவறித் தொட்டது என்று பிறகு தெரிந்தது.

கரிச்சான் மறுபடி வந்து குறை சொன்னான். வேலையை அப்படியே காட்டினால் யாருக்கு வேண்டும், தலை ஆடுகிற ஆட்டத்தை மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும், பின்னால் தவளை மேளம் வைக்க வேண்டும் என்றான். கொண்டையப்பன் வைத்தான். கன்னமும் கொண்டையும் ரப்பர்போல இழுபட்டு ஆடின. காடே சிரித்தது. மான்கள் பார்த்தன, குரங்குகள் பார்த்தன, காட்டுப்பன்றி தன் குட்டிகள் எல்லாவற்றுக்கும் காட்டியது.

மரத்தடியில் கூட்டம் வந்தது. கொண்டையப்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இறங்கிப் போய்ப் பொந்துகளைக் காட்டினான். உள்ளே வழவழப்பாக இருப்பதைச் சொன்னான். ஒரு கிழட்டு மான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்களுக்குப் பொந்து எதுக்கு? ஒரு தடவை தலையை ஆட்டு, பார்த்துட்டுப் போறோம்," என்றது.

அவன் ஆட்டினான். அடுத்த நாள் வேறு கூட்டம். அதற்கும் ஆட்டினான். பொந்துகள் காலியாகவே இருந்தன. செவ்வந்தி எறும்பு பொறுக்கிவிட்டு வந்து, அவன் கழுத்தை மூக்கால் நீவிவிட்டு, மறுபடி முட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் வரவில்லை. கொண்டையப்பனுக்குத் தலையை ஆட்டவும் தெம்பு இல்லை. ஆனாலும் இன்றைக்கு ஒன்று போடாவிட்டால் கரிச்சான் திட்டுவான். காலிப் பொந்துக்குள் உட்கார்ந்து, போனைப் பார்த்து, ஆடாமல் அசையாமல் பேசினான். பொந்துக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நிமிர்ந்த மரத்தில் கொத்தினால் இறங்கத்தான் செய்யும். சாய்ந்த கிளையின் அடிப்பக்கம் பொந்தின் வாயை வைக்க வேண்டும். அப்போது தண்ணீர் மேற்பக்கமாக வழிந்து போய்விடும். இதோ பாருங்கள், வெளியே கொட்டுகிறது, உள்ளே தரை உலர்ந்திருக்கிறது. இவ்வளவுதான் பேசினான். நடுவில் ஒரு கொட்டாவிகூட விட்டான். "பொந்துக்குள் மழைத்தண்ணீர் வராமல் இருக்க" என்று தலைப்பு எழுதிப் போட்டுவிட்டுப் படுத்தான்.

மறுநாள் கரிச்சான் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இருந்த கூட்டமும் ஓடிவிடும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அண்ணே, வீட்டுல முட்டை இருக்குல்ல? அதைக் காட்டுங்க. முட்டைன்னு எத்தனை பேர் தேடுறாங்க தெரியுமா?"

உள்ளேயிருந்து செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். "அதைத் தேடுறவங்க யாரு?"

"யாரா இருந்தா என்ன, அண்ணி? ஆள் வந்தாச் சரி."

"வேணாம்," என்றாள் அவள்.

கொண்டையப்பனுக்கும் வேண்டாம் என்றுதான் பட்டது. ஆனால் களைத்துப்போனவனுக்கு இல்லை என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். மத்தியானம் செவ்வந்தி எறும்பு தேடிப் போனபோது, மூன்று முட்டைகளையும் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். தலைப்பைக் கரிச்சானே எழுதிக் கொடுத்தான்: "வாகை மரத்தில் மூன்று முட்டைகள்! மரத்துக்கு வழி கீழே!"

சாயங்காலத்துக்குள் அதுவரை போட்ட எல்லா வீடியோவையும் அது மிஞ்சிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் வரிசையாகத் தளத்துக்குள் வந்தார்கள். எல்லாரும் பொந்துகளின் படத்தைத் தாண்டிப் போய், வழியை மட்டும் தொட்டார்கள். கொண்டையப்பன் அதைக் கவனித்தான். அதன் அர்த்தம் அவனுக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு மைனாக்கள் வந்தன. கணவனும் மனைவியும். பெண் மைனாவின் பெயர் தேனம்மை. பொந்தின் வாயைச் சுற்றிப் பார்த்தாள். தலைகீழாகத் தொங்கி அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய்க் காலால் தரையைத் தேய்த்தாள்.

"உலர்ந்துதான் இருக்கு," என்று தன் கணவனிடம் சொன்னாள். பிறகு கொண்டையப்பனிடம், "போன மழையில எங்க முட்டையெல்லாம் தண்ணியில மிதந்துடுச்சுங்க. எங்களுக்கு இது போதும்," என்றாள்.

கத்த வேண்டும் என்ற வாடகையைக் கொண்டையப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கத்துவதற்கு மைனாவிடம் சொல்லவா வேண்டும் என்று அவள் கணவன் சிரித்தான்.

"முட்டை வீடியோ பார்த்துத்தானே வந்தீங்க?" என்று கொண்டையப்பன் பெருமையாகக் கேட்டான்.

"இல்லையே. பொந்துல தண்ணின்னு தேடினோம். நீங்க கொட்டாவி விட்டுக்கிட்டே பேசினீங்களே, அது வந்துச்சு." தேனம்மை நிறுத்தினாள். "முட்டையைக் காட்டி வீடியோ போட்டிருக்கீங்களா? வழியோடவா? அண்ணே, குடியிருக்க இடம் தேடுறவங்க எதுக்கு முட்டைன்னு தேடப்போறாங்க?"

பொந்தின் வாயில் செவ்வந்தியின் தலை தெரிந்தது. அவள் அப்போதுதான் அதைக் கேள்விப்படுகிறாள்.  கொண்டையப்பன் வீடியோவை நீக்கிவிடப் போனைத் தேடினான்.

அதற்குள் கீழே பட்டை உரசுகிற சத்தம் கேட்டது.

ஓர் உடும்பு நின்றது. பெரியது. நெடுந்தூரம் நடந்து வந்த அலுப்பு அதன் முகத்தில் தெரிந்தது. "வழி சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்," என்றது மரியாதையாக. "நிறையப் பேர் போடுவதில்லை." சொல்லிவிட்டு ஏறத் தொடங்கியது.

மைனாக்கள் கத்தின. காது கிழிகிற கத்தல். அவர்களுடைய பொந்தில் இன்னும் ஒரு வைக்கோல்கூட இல்லை. விட்டுவிட்டுப் பறந்திருக்கலாம். ஆனாலும் உடும்பின் கண்ணைக் குறிவைத்துக் கொத்தினார்கள். கொண்டையப்பன் அதன் மண்டையில் கொத்தினான். செவ்வந்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. அதே மான்கள், அதே குரங்குகள், குட்டிகளோடு அதே காட்டுப்பன்றி. கொண்டையப்பன் உதவிக்குக் கூப்பிட்டான். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். கரிச்சான் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து உடும்பின் குரலிலும் மைனாவின் குரலிலும் மாறி மாறிப் பேசி, நடப்பதை அப்படியே ஒளிபரப்பிக்கொண்டிருந்தான்.

உடும்பு பிடித்த பிடியை விடவில்லை. செவ்வந்தியைத் தோளால் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தது. மரம் சாய்ந்திருந்தது, வாசல் அடிப்பக்கம் இருந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதனால் வெகுநேரம் இருக்க முடியவில்லை. தேனம்மை அதன் கண்ணிமையைப் பிடித்து இழுத்தாள். உடும்பு கால் நழுவிப் பொத்தென்று விழுந்தது. விழும்போது அதன் வாயில் ஒரு முட்டை இருந்தது. அதை விழுங்கிவிட்டு, வந்த வழியே நடந்து போனது.

கூட்டமும் கலைந்தது. கரிச்சான் மட்டும் கிட்டே வந்தான். சண்டையை எவ்வளவு பேர் பார்த்தார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தான். செவ்வந்தி அவனை ஒரே கொத்தில் கிளையை விட்டு இறக்கினாள். மறுபடி அவன் வாகை மரத்துக்கு வரவில்லை.

கொண்டையப்பன் முட்டை வீடியோவை நீக்கினான். தலையாட்டுகிற வீடியோக்களையும் நீக்கினான். மழை வீடியோ மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு முட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணு இருந்துச்சு," என்றான்.

"இருந்துச்சு," என்றாள் செவ்வந்தி. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தாள். "வாங்க, உட்காருங்க. ராத்திரி முறை உங்களோடதுதான்."

மழை வீடியோவைப் பார்த்து அடுத்த மழைக்கு முன்னால் ஓர் ஆந்தைக் குடும்பம் வந்தது. பிறகு இன்னொரு மைனா ஜோடி. பொந்துகள் நிறைந்தன. குஞ்சு இரண்டும் பொரிந்து, அந்தக் கத்தலுக்கு நடுவிலேயே தூங்கப் பழகின.

காட்டுக்கே கேட்கும்படி கூப்பிட்டால் பசித்த உடும்பும் வரும். ஒருவருடைய கஷ்டத்துக்குப் பதில் சொல்லி வைத்தால்தான் கூடவே இருக்கிற அண்டை வீட்டார் வருவார்கள்.