தரையில் விழுந்த தாம்பூலம்

முன்னொரு காலத்தில் மணவைநாட்டைக் கார்மேகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவனில்லை; ஆனால் கடைசியாகக் காதைக் கடித்தவர் சொன்னதே அவனுக்கு வேதவாக்கு.

ஒரு கோடையில் ஊருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. வைத்தியசாலைத் தலைவி உலகம்மையின் பன்னிரண்டு பணியாளர்களில் மூன்று பேரை நோய் கொண்டுபோய்விட்டது. மிச்சம் ஒன்பது பேர், படுத்திருந்தவர்களோ முந்நூறு. அவள் நடுங்கிப்போனாள். முறைவைத்து ஓய்வு, வேலை முடிந்தால் வெந்நீர்க் குளியல், மாற்றுடை என்று சட்டம் போட்டாள்.

அவள் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரத் துடித்த பிரதானி வல்லபர், ராஜாவிடம் போட்டுக்கொடுத்தார். "ஊரே சாகிறது மகாராஜா, அங்கே குளியலும் குறட்டையும்! தங்கள் புண்ணியம் காக்கும்போது பணியாளரை நோய் அண்டுமா?"

ஓய்வும் கூடாது, குளியலும் கூடாது என்று உத்தரவு பிறந்தது. யோசனை சொன்னவர் கையாலேயே தாம்பூலம் வாங்கி உத்தரவை ஏற்பது அந்த நாட்டு வழக்கம்; அதுவரை உத்தரவு செல்லாது. மறுநாள் காலை எல்லோரும் சபைக்கு வரவேண்டும்.

அன்றிரவு உலகம்மை யோசித்துக்கொண்டேயிருந்தாள். பதவி போனால் போகட்டும், இந்த ஒன்பது பேரும் விழுந்தால் முந்நூறு பேருக்குக் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

மறுநாள் சபையில் ஒன்பது பேரும் நின்றார்கள். கண்ணெல்லாம் சிவப்பு, துணியெல்லாம் கஷாயக் கறை.

"நேரே வைத்தியசாலையிலிருந்து வருகிறோம். பிரதானியார் தாம்பூலம் தரட்டும்" என்றாள் உலகம்மை.

வல்லபர் தட்டோடு ஓரடி பின்வாங்கினார். "கீழே வைக்கிறேன், எடுத்துக்கொள்ளட்டும்."

"கையில் தருவதுதானே வழக்கம், ஐயா?"

மூத்த பணியாளன் மாசாணம் கையை நீட்டி ஓரடி வைத்தான். அவ்வளவுதான், தட்டைப் போட்டுவிட்டு வல்லபர் தூணுக்குப் பின்னே ஓடினார். "கிட்ட வராதே! குளிக்காமல் கொள்ளாமல்..."

"என் புண்ணியம் உம்மைக் காக்காதோ?" என்றான் ராஜா. சபை சிரித்தது. அவனால் சிரிக்க முடியவில்லை. தன் கால்களும் சிம்மாசனத்தின் மேல் ஏறியிருப்பதை அப்போதுதான் கவனித்தான், வெட்கமாகிவிட்டது.

"பயப்படாதீர்கள் மகாராஜா. எல்லோரும் குளித்து, துவைத்த துணிதான் உடுத்தியிருக்கிறார்கள். கறைதான் போகவில்லை" என்றாள் உலகம்மை. "குளித்தவர்களைக் கண்டே இந்தப் பயமென்றால், குளிக்கவும் விடாமல் நோயாளியைத் தூக்கச் சொன்னால் இவர்கள் பயம் எப்படியிருக்கும்?"

"குளியல் கூடாது என்றேனே?"

"தாம்பூலம் இன்னும் கை மாறவில்லையே மகாராஜா!"

ராஜா தரையில் கிடந்த வெற்றிலையைப் பார்த்தான். "இனி மாறவும் வேண்டாம். உன் சட்டமே என் சட்டம். வல்லபரே, நோய் தீரும்வரை வைத்தியசாலை வெந்நீர் அடுப்பு உம் பொறுப்பு. விறகு சுமக்க மைத்துனரையும் அழைத்துப்போம்!" பிறகு உலகம்மையிடம், "உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மாசாணம் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

"இவனை யாரும் எழுப்பாமலிருந்தால் போதும்."

சபை கலையும் முரசை அடிக்கக் கோலை ஓங்கியவனைக் கையமர்த்திவிட்டு, ராஜா பாதுகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நடந்தான்.