வாசிக்காத ஐந்து கம்பிகள்

“டீச்சர், இந்தத் தடிக் கம்பியக் கழட்டிருவமா?”

கேட்டவர் தவசிமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலி மெல்லிசைக் குழு ஒன்றில் முப்பது வருஷமாகப் பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

டீச்சர் என்றது ஜெபரூபியை. பாளையங்கோட்டையில் பேஸ் கிட்டார் செய்கிறவள். வயதில் அவர் மகள் மாதிரி. வித்தை அவளிடம் இருக்கிறதே, அதனால் மரியாதை.

நாலு கம்பியோடு சிவனே என்று இருந்த மனுஷர், போன மாதம் ஆசைப்பட்டு அவளிடம் ஆறு கம்பிக் கிட்டார் ஒன்று செய்து வாங்கினார். அன்றிலிருந்து எதை வாசித்தாலும் அடியில் ஒரு முனகல். பாடகி மல்லிகா இனி அவரோடு மேடை ஏறமாட்டேன் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோவில் கொடை விழாவிலும் இதே கதையென்றால், பேஸையும் கீபோர்டே பார்த்துக்கொள்ளும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவள் பட்டறைக்கு வந்துவிட்டார்.

கம்பியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாராம். மரத்தில்தான் கோளாறு, தடிக் கம்பியை அது தாங்கவில்லை என்று சாதித்தார்.

ஜெபரூபி வாசிக்கச் சொன்னாள். அவர் ஒல்லிக் கம்பியில் வாசித்தார். முனகல் வந்தது. அவள் ஒற்றை விரலைத் தடிக் கம்பிமேல் இலேசாக வைத்தாள். நின்றது. எடுத்தாள். மறுபடி வந்தது.

“நான் அதத் தொடவே இல்லியே டீச்சர்?”

“தொடாததுனாலதான் அது பாட்டுக்கு அதிருது அண்ணாச்சி. நாலு கம்பியில ஒண்ண வாசிச்சா மூணச் சும்மா இருக்க வைக்கணும். இப்ப அஞ்சு.”

இவ்வளவு தொல்லை பிடித்ததை எவன் கண்டுபிடித்தான் என்று எரிந்து விழுந்தார்.

அவள் சிரித்தாள். வெளிநாட்டில் முதலில் செய்த ஆறு கம்பி பேஸ், சாதாரணக் கிட்டாரையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது மாதிரி இருக்குமாம். கம்பிகள் நெருக்கம், பேஸ்காரர் விரல் நுழையாது. பிற்பாடுதான் நாலு கம்பிக்கு ஒரு பக்கம் தடியனையும் மறுபக்கம் ஒல்லியனையும் சேர்த்து, கிட்டாரின் கழுத்தை அகலமாக்கினார்களாம். விரலுக்கு இடம் கிடைத்தது. கூடவே இந்தத் தலைவலியும் வந்தது.

அண்ணாச்சி வலது கட்டைவிரலைத் தடிக் கம்பிமேல் சாய்த்து வாசித்துப் பழகினார். அரை மணியில் முனகல் போன இடம் தெரியவில்லை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார்.

மல்லிகா பாட வேண்டிய பாட்டை ஜெபரூபி பாடினாள். அவர் கூடவே வாசித்தார். அவள் மூச்சு எடுத்த இடமெல்லாம் சுரத்தை அள்ளிக் கொட்டினார். தடியனில் இறங்கினார், ஒல்லியனில் ஏறினார். ஆறு கம்பி இருக்கிறதே, சும்மா விட முடியுமா.

“முனகல் துளிகூட இல்ல. இனி மல்லிகாவுக்கு என்ன குறையாம்?”

ஜெபரூபி அதே சரணத்தை மறுபடி எடுத்தாள். அவர் கை ஓடக் கிளம்பியதும், ஒற்றை விரலை அவர் மணிக்கட்டில் இலேசாக வைத்தாள். எடுக்காமலே பாடினாள்.

அண்ணாச்சி ஒரே சுரத்தோடு நின்றார். சரணம் முடிந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், நீங்க இவ்வளவு நல்லாப் பாடுவீங்களா?”

“இவ்வளவு நேரமும் பாடிக்கிட்டுத்தான அண்ணாச்சி இருக்கேன்.”