பழைய டிஸ்க்கோட கேபிள்

கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுக்கற நஸ்ரின் மேடம் என்னைவிட வயசுல சின்னவங்க. என்னை "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அதுவே எனக்கு எரிச்சல்.

அன்னிக்கு என் பொண்டாட்டி கயல்விழி வெச்சிருக்கற சிபியுவை சென்டருக்குத் தூக்கிட்டுப் போயிருந்தேன். ஆரி தையலுக்கு அவ வரைஞ்ச பூ டிசைன் அத்தனையும் அதுல விண்டோஸ் இருக்கற பழைய டிஸ்க்லதான். "ஒரு பூ அழிஞ்சாலும் வீட்டுப் பக்கம் வந்துராத"ன்னு சொல்லித்தான் அனுப்பினா. சென்டர்ல நான் படிக்கற பாடத்துக்கு விண்டோஸ் மாதிரியே லினக்ஸ்ங்கற இன்னொரு சிஸ்டம் வேணும். அதுக்குன்னே புது டிஸ்க் வாங்கி உள்ள மாட்டியாச்சு.

"பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டுங்கண்ணே."

"எதுக்கு? நான் புது டிஸ்க்கைத்தானே செலக்ட் பண்ணப்போறேன்?"

"கழட்டுங்க."

"ஸ்கிரீன்ல வர்றதை எனக்குப் படிக்கத் தெரியாதா? பச்சப்புள்ள கையில இருந்து கத்திரிக்கோலப் புடுங்கற மாதிரி பேசறீங்க!"

மேடம் லேப் மிஷின் ஒண்ணைக் காட்டினாங்க. அதுலயும் ரெண்டு டிஸ்க். ஒண்ணுல விண்டோஸ், இன்னொண்ணு காலி.

"இதுல உங்க இஷ்டப்படி போடுங்க. எதையும் கழட்ட வேணாம்."

போட்டேன். ஒவ்வொரு ஸ்கிரீனையும் அவங்க காதுல விழற மாதிரி சத்தமா வாசிச்சு, காலி டிஸ்க்கை செலக்ட் பண்ணிப் போட்டேன். லினக்ஸ் ஜம்முன்னு வந்துச்சு. விண்டோஸும் வந்துச்சு.

"பாத்தீங்களா? இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

மேடம் மிஷினை ஆஃப் பண்ணி, லினக்ஸ் டிஸ்க்கை உருவி என் கையில குடுத்தாங்க.

"இப்ப விண்டோஸைத் திறங்க."

கறுப்பு ஸ்கிரீன். ஓரத்துல ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னுச்சு.

"அந்த டிஸ்க்கை நான் தொடவே இல்லையே!"

"நீங்க தொடல. லினக்ஸைப் போடற இன்ஸ்டாலர் தொட்டுச்சு. ஆன் ஆனதும் முதல்ல ஓடற ஃபைலை விண்டோஸ் டிஸ்க்ல எழுதிருச்சு. அது இப்ப உங்க கையில இருக்கற டிஸ்க்கைத் தேடிக்கிட்டு நிக்குது."

"யாரைக் கேட்டு எழுதுச்சு?"

"யாரையும் கேக்கல."

"நீங்களாவது முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?"

"கழட்டுங்கன்னு சொன்னேன்."

கயலோட சிபியு மூடியைத் திறந்தேன். பழைய டிஸ்க்கோட கேபிளை வெடுக்குன்னு புடுங்கினேன். ஆன் பண்ணி இன்ஸ்டாலரை ஓட விட்டேன். அப்பவும் ஆத்திரம் அடங்கல.

"காலம்பூரா இப்படிக் கழட்டி மாட்டிக்கிட்டே கெடக்கணுமா?"

"முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டு மாட்டிருங்க. அப்புறம் ஆன் பண்றப்ப எது வேணுமோ அதை செலக்ட் பண்ணிக்கலாம்."

என்டர் கீயை ஓங்கிக் குத்தினேன். மௌஸ் துள்ளிக் கீழ விழுந்துச்சு.

"என்ன பாக்கறீங்க? பொறுமையா தட்டுங்கண்ணேன்னு சொல்லுவீங்களே, சொல்லுங்க!"

மேடம் குனிஞ்சு மௌஸை எடுத்து வெச்சாங்க. உள்ள தொங்கிக்கிட்டிருந்த கேபிளை ஒரு தடவை பாத்தாங்க.

"எதுக்குண்ணே? இப்ப எவ்ளோ கோவமா வேணா தட்டுங்க. அண்ணியோட பூவுக்கு ஒண்ணும் ஆகாது."