இரட்டைத் தலைக் காளைக் காசு

முன்னொரு காலத்திலே, மந்திரவாதிகள்கூடச் சந்தைக்கு வந்து பேரம் பேசிய காலத்திலே, வெண்கரை நாட்டில் பாவாயி என்றொரு மிளகாய்க்காரி இருந்தாள். அவள் விற்கும் மிளகாயைவிட அவள் வாய் காரம். படிக்கு அரைக்காசு குறைத்துக் கேட்டவன் அரைநாள் அழுவான்.

அவள் புருஷன் நாச்சிமுத்து, ராஜாவின் அக்கசாலையில் காசு அடிப்பவன். செப்பு வில்லையை அச்சில் வைப்பான். சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. ராஜாவின் காளை பதிந்துவிடும். ஒரு வில்லைக்கு ஓர் அடிதான். ஒருநாள் கண் சொக்கியது. வில்லை நழுவியது தெரியாமல் இன்னோர் அடி போட்டுவிட்டான். எடுத்துப் பார்த்தால் காளைக்கு இரண்டு தலை!

உருக்கிப் போட வேண்டிய காசு. ஆனால் வாசலில் ஒருவன் நின்று, "அந்தப் பிழைக் காசுக்கு நூறு பொன்" என்றான். நாச்சிமுத்து யோசிக்கவில்லை, பெண்டாட்டியைக் கேட்கவில்லை, கொடுத்துவிட்டான். முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் உருப்பட்டதுண்டா? காசு கைமாறியதும் உள்ளங்கால் முதல் உச்சிவரை செம்பாக உறைந்துபோனான்.

பாவாயி ஓடி வந்தபோது தரையில் நூறு பொன் கிடந்தது. புருஷனைக் காணோம்.

அக்கசாலைக் கங்காணி செல்லாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "வந்தவன் மந்திரவாதி ஒற்றையன், தாயி. அவன் எந்தப் பிழைக் காசை வாங்கினாலும், அதை அடிச்சவன் செம்புச் சிலை ஆயிடுவான். சிலையையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவான். என் தம்பியும் அங்கேதான் நிக்கிறான்."

பாவாயியால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நூறு பொன்னை முந்தியில் முடிந்துகொண்டு ஒற்றையன் வீட்டுக்குப் பறந்தாள். முற்றத்தில் எட்டுச் சிலைகள். சுவரில் எட்டுக் காசுகள். ஒன்றில் காளைக்கு வால் இல்லை, ஒன்று ஒரு பக்கம் மொட்டை, ஒன்று பாதி நிலா மாதிரி வெட்டுப்பட்டது.

"இந்தா உன் நூறு. என் புருஷனை விடு."

"ஏழு தேசத்துச் சேகரிப்பாளர்களும் இந்தக் காசை ஆயிரத்துக்குக் கேக்கிறாங்க, பாவாயி."

"ஏய்யா, ஒரு பொழுதுக்குள்ளே குட்டி போட்டுச்சா?"

"உலகத்திலே ஒண்ணே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுன்னா விலை ஏறும். சந்தை விலையை வெச்சா மறுக்க எனக்கு அதிகாரம் இல்லே. என் மந்திரத்தோட கட்டு அது. வை, கூட்டிக்கிட்டுப் போ."

வீட்டை விற்றாள், மிளகாய்க் காட்டை விற்றாள், கழுத்தில் கிடந்ததை விற்றாள். ஆயிரத்தோடு ஓடி வந்தாள்.

"நேத்து ஆயிரம். இன்னிக்குப் பத்தாயிரம்" என்று சிரித்தான் ஒற்றையன். "ஒண்ணே ஒண்ணுன்னா விலை ஏறும்."

பாவாயிக்கு வெறி பிடித்தது. திரும்பி நடந்தாள், நடந்தவள் ஓடினாள். ஓடும்போதே அந்தப் பேச்சை மென்றுகொண்டு போனாள். ஒண்ணே ஒண்ணுன்னா ஏறும். அப்போ ஆயிரம் இருந்தா?

அக்கசாலைக் கதவை உதைத்துத் திறந்தாள். "எல்லாரும் ரெண்டு அடி போடுங்க! இருக்கிற வில்லை அத்தனையிலும் ரெட்டைத் தலைக் காளை வேணும்!"

"பைத்தியமா தாயி? பிழை பண்ணினா நாங்களும் செம்பாயிடுவோம்!"

"ஒருத்தன் பண்ணினா பிழை. அத்தனை பேரும் பண்ணினா? எத்தனை பேருக்கு நூறு நூறாத் தூக்கிக் குடுப்பான் அந்தக் கஞ்சன்?"

யாரும் அசையவில்லை. பாவாயியே சுத்தியலைப் பிடுங்கினாள். டண்! நகர்த்தினாள். டண்! காளைக்கு இரண்டு தலை. கையைப் பார்த்தாள். சதைதான்.

செல்லாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். டண், டண்! டண், டண்!

உச்சிவேளைக்குள் இரட்டைத் தலைக் காளை சந்தை முழுக்க மேய்ந்தது. மோருக்குக் கொடுத்தார்கள், மல்லித்தழைக்குக் கொடுத்தார்கள், பிச்சைத் தட்டிலும் போட்டார்கள். பத்தாயிரம் என்ற சேகரிப்பாளர்கள் நூறு என்றார்கள், பிறகு பத்து என்றார்கள், பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

மூன்றாம் முறை பாவாயி வந்தாள். ஒரே ஒரு காசை ஒற்றையன் முன்னால் சுண்டிப் போட்டாள்.

"சந்தை விலை. எடு."

அவன் வாய் மறுக்கத் திறந்தது. கை கேட்கவில்லை, தானாகவே காசை நீட்டியது. முற்றத்தில் நாச்சிமுத்து தும்மினான்.

பாவாயி நகரவில்லை. "மிச்சம் ஏழும் மொத்தமா என்ன விலை?"

"அது விக்கிறதுக்கில்லே!"

"சரி. நாளைக்கு வாலில்லாக் காளை அடிக்கிறோம். நாளான்னிக்கு மொட்டைக் காசு. அப்புறம் உன் சரக்கை நாய்கூட மோந்து பார்க்காது."

ஒற்றையனுக்கு வேர்த்தது. "ஏழு காசு."

"மூணு."

"தாயே, அஞ்சு."

"நாலு. கொசுறும் தரணும்."

"சரி, கொசுறா என்ன வேணும்?"

பாவாயி கூரையைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள்.

"இந்த வீடு."

ஒற்றையன் தெருவில் இறங்கிப் போனான். செல்லாண்டி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். செம்பாயிருந்த எட்டுப் பேரும் பந்தி போட்டுச் சோறு தின்றார்கள். பேரம் படிந்தது, கதையும் முடிந்தது.