அடிவானம் தெரியாத காலை

டாக்டர் சிவசைலத்துக்கு ஐம்பத்தேழு வயது. திருநெல்வேலியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அவருக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த கேப்டன் ஹெப்சிபா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் கேப்டன் உட்காரச் சொன்ன பிறகுதான் டாக்டர் உட்காருவார்.

உப்பளங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓடுபாதை. ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு சிறிய விமானங்கள். அதுதான் அவர்களுடைய கிளப். உறுப்பினர்கள் முப்பது பேரும் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆன்லைனில் கூடுவார்கள். யாராவது ஒருவர் பாதுகாப்பைப் பற்றி வகுப்பு எடுப்பார். முடிவில் பத்துக் கேள்விகள் வரும். சரியாகப் பதில் சொன்னால் சான்றிதழ்.

மே மாத வகுப்பை டாக்டர் எடுத்தார். மேகத்துக்குள் மாட்டிக்கொண்ட விமானிக்குக் காது எப்படிப் பொய் சொல்கிறது என்பது தலைப்பு. காதுக்குள் இருக்கும் மூன்று வளையங்களைப் படம் போட்டுக் காட்டினார். அவற்றில் இருக்கும் நீர் எப்படி அசைகிறது, மெதுவாகத் திரும்பினால் எப்படி அசையாமலே இருந்துவிடுகிறது என்றெல்லாம் விளக்கினார்.

"வெளியே ஒண்ணும் தெரியலைன்னா உடம்பு சொல்றதை நம்பாதீங்க. எதிர்ல இருக்கிற கருவியை மட்டும் நம்புங்க. இது தெரிஞ்சவங்க பிழைச்சுக்குவாங்க" என்று முடித்தார்.

எல்லோரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். சந்தேகம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார்.

திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒளிர்ந்தது. யாரோ மைக்கைத் திறந்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் இருந்த பெயர் இன்பசேகரன்.

இன்பசேகரன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. போன நவம்பரில் கிளப் விமானத்தைத் தனியாக ஓட்டிக்கொண்டு போனவர் மலைக்குப் பக்கத்தில் மேகத்துக்குள் நுழைந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் விமானத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கட்டத்திலிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது.

"மன்னிச்சுக்கோங்க. நான் அவர் வீட்டுக்காரி, செண்பகம்" என்றது ஒரு பெண் குரல். "ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பாடத்தை அவரும் படிச்சாரா?"

கேப்டன்தான் பதில் சொன்னார்.

"படிச்சாரும்மா."

"மார்க்கு?"

"பத்துக்குப் பத்து."

"அப்போ எதைப் படிக்காம விட்டார்? ஆறு மாசமா அவர் பேர்லயே வந்து ஒவ்வொரு வகுப்பா கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னும் எனக்குப் பிடிபடலை."

பச்சைக் கோடு அணைந்தது. பெயர் மட்டும் திரையில் இருந்தது.

மறுநாள் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காலை ஆறரைக்கே காரை எடுத்துக்கொண்டு கிளப்புக்கு வந்துவிட்டார். கேப்டன் விமானத்தின் இறக்கைக்குக் கீழே குனிந்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எரிபொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது வழக்கம்.

"அவங்க வர்றது உங்களுக்குத் தெரியுமா, கேப்டன்?"

"ஒவ்வொரு மாசமும் உள்ளே விடுறது நான்தானே."

"அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"வகுப்பு எடுத்தது நீங்க."

"அவங்க கேட்டது பாடத்துல இல்லை."

கேப்டன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அவர் ஒரு வகுப்புகூட விட்டதில்லை. இருபத்தாறு கூட்டம். மேகத்தைப் பத்தின பாடத்தை விபத்துக்குப் பதினொரு நாள் முன்னாடி ரெண்டாவது தடவையா படிச்சிருக்கார்" என்றார்.

"அந்த நேரத்துல மறந்திருப்பார். பதட்டமாயிருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கு அது நடக்காது, கேப்டன். முப்பது வருஷமா காதுக்குள்ளதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அது பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

அடுத்த மாதம் மனைவியை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் பறக்க வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். அதற்குக் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு முறை கேட்டும் போடவில்லை. அந்த வருத்தமும் அவர் குரலில் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேப்டன் கேட்டார்.

"ஆச்சு."

"வாங்க. கடல் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

மேகம் எதுவும் இல்லை. காற்றும் இல்லை. கரையைத் தாண்டும்வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உப்பளங்கள், வெள்ளைக் குவியல்கள், ஒரு லாரி. பிறகு கடல் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. பால் கலந்த தண்ணீர் போல எல்லாப் பக்கமும் ஒரே வெண்மை. எங்கே கடல் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று கோடே இல்லை. கீழே இரண்டு படகுகள் எதன்மீதும் மிதக்காமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

என்ஜின் சத்தம் மட்டும் மாறாமல் இருந்தது.

"கண்ணை மூடிக்குங்க. நேரா ஓட்டுங்க" என்றார் கேப்டன்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ட்ரோலை மெதுவாகப் பிடித்திருந்தார். உடம்பு ஆடவில்லை, சாயவில்லை.

"எப்படிப் போறோம்?"

"நேரா."

கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் மறுபடி கேட்டார்.

"இப்போ?"

"நேராத்தான். மட்டமா."

"சத்தியமா?"

டாக்டர் சிரித்தார். "சத்தியமா."

"கண்ணைத் திறங்க."

திறந்தார். வெளியே அதே வெண்மை. ஆனால் இடது ஜன்னலின் மேல் மூலையில், அவர் தலைக்கும் மேலே ஒரு படகு இருந்தது. அதன் வலைகளும் ஒரு நீலத் தார்ப்பாயும் தெரிந்தன. எதிரே, அடிவானத்தைக் காட்டும் கருவியின் வட்டத்தில் கோடு சரிந்து கிடந்தது. விமானம் இடது பக்கம் சாய்ந்து, சுற்றிக்கொண்டே ஐந்நூறு அடி இறங்கியிருந்தது.

"சரி பண்ணுங்க. வெளியே பார்க்காதீங்க. கருவியை மட்டும் பாருங்க."

டாக்டர் வட்டத்தைப் பார்த்தார். கண்ட்ரோலை வலது பக்கம் திருப்பினார். கோடு மட்டத்துக்கு வந்தது.

அந்த நொடியில் விமானம் வலது பக்கம் கவிழ ஆரம்பித்தது. டாக்டருக்கு அப்படித்தான் இருந்தது. இருக்கை நழுவியது. அவர் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது.

"கவிழறோம்" என்றார்.

"கருவியைப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்." அவர் கை கண்ட்ரோலை மறுபடி இடது பக்கம் திருப்பியது. கோடு மறுபடி சரிந்தது. உடம்புக்கு உடனே நிம்மதியாக இருந்தது.

"டாக்டர், மட்டமா வைங்க."

"இதுதான் மட்டம். கருவி தப்பா காட்டுது."

கேப்டன் தன் பக்கக் கண்ட்ரோலைப் பிடித்து வலது பக்கம் திருப்பினார். டாக்டர் விடவில்லை. இரண்டு கைகளாலும் எதிர்ப்பக்கம் இழுத்தார்.

"கையை எடுங்க."

"கவிழறோம், கேப்டன்! கவிழறோம்!" என்று கத்தினார். "ரெண்டு பேரையும் கொன்னுடாதீங்க!"

கேப்டன் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கை விலகியது.

அதன் பிறகு எட்டு நிமிடம் டாக்டர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விழப்போகிறவரைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கோடு மட்டமாகவே இருந்தது. கரை தெரிந்தது. உப்பளத்தின் சதுரங்கள் தெரிந்தன. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

இறங்கி, என்ஜினை அணைத்த பிறகும் அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நான் சொன்னேனா அதை?" என்று கேட்டார்.

"எதை?"

"கருவி தப்பா காட்டுதுன்னு."

"சொன்னீங்க."

"எனக்குத் தெரியுமே, கேப்டன். நேத்துதானே முப்பது பேருக்குப் பாடம் எடுத்தேன்."

கேப்டன் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கொட்டகையில ரேடியோ பக்கத்துல இருந்தேன்" என்றார். "இன்பசேகரன் கூப்பிட்டார். மேகத்துக்குள்ள இருக்கேன்னார். கருவியைப் பாருங்கன்னேன். பார்க்கிறேன்னார். அப்புறம், இது தப்பா காட்டுது கேப்டன்னார். அவ்வளவுதான்."

டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"விசாரிக்க வந்தவங்ககிட்ட எழுதிக் கொடுத்தேன். அந்தம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

ஜூன் மாதக் கூட்டத்தில் டாக்டர் மறுபடி பேச அனுமதி கேட்டார். இந்த முறை படங்கள் இல்லை. கடலுக்கு மேலே என்ன நடந்தது என்று சொன்னார். தான் கத்தியதைச் சொன்னார். கேப்டன் கையில் அடித்ததைச் சொன்னார். ஒரு உறுப்பினர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"செண்பகம் அம்மா, இருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

கறுப்புக் கட்டத்தில் பச்சைக் கோடு ஒளிர்ந்தது.

"இருக்கேன்."

"அவர் எதையும் படிக்காம விடலைம்மா. நான் அவரைவிட நிறையப் படிச்சவன். நானும் அதேதான் பண்ணினேன். பக்கத்துல ஆள் இருந்தாங்க. அதனால உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்."

அவர் நிறுத்தியதும் கேப்டன் தன் மைக்கைத் திறந்தார். ரேடியோவில் கேட்ட வார்த்தைகளை ஒன்றுகூட விடாமல் செண்பகத்திடம் சொன்னார். இத்தனை மாதம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

"பயந்தாரா?" என்று செண்பகம் கேட்டார்.

"இல்லம்மா. நிதானமாத்தான் பேசினார்."

"ஆமாம். வண்டியைத் தப்பான ரோட்டுல விட்டாலும் அப்படித்தான். இதான் வழின்னு அமைதியா சொல்லுவார். நானும் நம்பி உட்கார்ந்திருப்பேன்."

அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. "சரி" என்றார். பிறகு கட்டமே திரையிலிருந்து மறைந்துவிட்டது. மற்றவர்களின் கட்டங்கள் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன.

டாக்டரும் அவர் மனைவியும் மகள் வீட்டுக்கு ரயிலில் போய் வந்தார்கள். கையெழுத்தைப் பற்றி அவர் அதன் பிறகு பேச்செடுக்கவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை கேப்டனோடு பறந்தார். வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பு மாட்டிக்கொண்டு, கருவியை மட்டும் பார்த்து ஓட்டினார். கை சொன்னபடி கேட்டது. உடம்புதான் கேட்கவில்லை.

ஒரு நாள் இறங்கியதும் இறக்கைக்குக் கீழே நின்றுகொண்டு கேப்டனிடம் கேட்டார்.

"வெளியே சொல்ல வெட்கமா இருக்கு. அன்னைக்கு நான் சொன்னதுதான் சரி, கருவிதான் தப்புன்னு இப்பவும் உள்ளே எங்கேயோ ஒண்ணு சொல்லிக்கிட்டே இருக்கு. ஆஸ்பத்திரியில நோயாளி காதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போதுகூடச் சொல்லுது. நீங்க இருபது வருஷமா பறக்கிறீங்க. உங்களுக்கு அது எப்போ நின்னுச்சு, கேப்டன்?"

கேப்டன் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையை வைத்துவிட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு எனக்கும் வெளியே ஒண்ணும் தெரியலை, டாக்டர்" என்றார். "கவிழறோம்னு நீங்க கத்தினப்போ, எனக்கும் கவிழற மாதிரிதான் இருந்துச்சு."