சூப் பூதம் வந்த வாரம்

"இந்த வாரம் கதை ஒரு அடிகூட நகரலைங்க டீச்சர்."

ஒரு காலில் செருப்பு இருக்கும்போதே செங்கோடன் இதைச் சொல்லிவிட்டார்.

கோகிலவாணி டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கதைங்க சார்?"

"நம்ம 'கல்யானைச் சவாரி'தானுங்க."

செங்கோடனுக்கு ஈரோட்டில் விசைத்தறி உதிரிபாகக் கடை. ஐம்பது தாண்டிய ஆள். கடையை அடைத்துவிட்டு வந்தால் அவர் பார்ப்பது கார்ட்டூன் தொடர். பிள்ளைகளுக்குத் துணையாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

வாராவாரம் பார்த்துவிட்டு இணையத்தில் விமர்சனம் எழுதுவார். பிடிக்கவில்லை என்றால் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார். அதைப் படித்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது.

எழுத்தை இன்னும் கூராக்கிக்கொள்ளலாம் என்று டீச்சரிடம் வந்து சேர்ந்தவர் அவர். வயதில் டீச்சர் மிகவும் இளையவர். ஆனாலும் செங்கோடன் அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

"போன வாரம் மலை வாயைத் தொறந்துச்சுங்க. உள்ள தும்பியோட அண்ணன் மாட்டிக்கிட்டிருக்கான். பாவம், அந்தப் பொண்ணு அவனைத் தேடித்தான் கல்யானை மேல ஏறி ஊர் ஊராச் சுத்துது. இந்த வாரம் அவனை மீட்டுருவாளான்னு நான் காத்துக்கிடக்கறேன். இவங்க என்ன பண்ணாங்க தெரியுங்களா? மழைன்னு சொல்லி ஒரு சத்திரத்துல ஒதுங்கிட்டாங்க. அங்க ஒரு சூப் பூதம். அதோட சமையல் போட்டி. தும்பி ஜெயிச்சா. மழை நின்னுது. கிளம்பிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க! மலை தொறந்த வாயோட அப்படியே நிக்குது."

டீச்சர் சிரித்துவிட்டார்.

"ஒப்பேத்தின எபிசோடுங்க டீச்சர். நல்லா நாலு வாங்கு வாங்கி எழுதியிருக்கேன். நீங்க ஒரு பார்வை பார்த்துட்டா இப்பவே போட்டுருவேன்."

போனை நீட்டினார்.

டீச்சர் வாங்கவில்லை.

"அக்காவும் உங்ககூடத்தான பார்ப்பாங்க? அவங்க என்ன சொன்னாங்க?"

மனைவி பூங்கோதையின் பேச்சை எடுத்ததும் செங்கோடனின் முகம் சுருங்கியது.

"அதை ஏன் கேக்கறீங்க. இனிமே நீங்க தனியாப் பாருங்க, நான் தனியாப் பாத்துக்கறேன்னுட்டா."

"ஏனாம்?"

"தெரியலீங்க. நான் திட்டினது எபிசோடைத்தான். அவளை ஒரு வார்த்தை சொல்லலை."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்து, டம்ளர் வைக்கும் சத்தம் கூடியிருந்தது. அவருக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

"போடுங்க, பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து இருவரும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

சமையல் போட்டி பாதி போவதற்குள் டீச்சர் கொட்டாவி விட்டார்.

"இந்தச் சண்டையை முன்னாடியே பார்த்த மாதிரி இருக்கே."

"பார்த்ததுதானுங்க! பழசுல வரைஞ்சதையே எடுத்துப் போட்டு, கலரை மட்டும் மாத்தியிருக்காங்க."

"பூதத்துக்குக் குரல் குடுத்தவருக்கு வீட்டுக்குப் போற அவசரம் போல."

"அதையும் எழுதியிருக்கேன்!"

எபிசோடு முடிந்தது.

"மொக்கைதான்" என்றார் டீச்சர்.

செங்கோடனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டீச்சர் விரலால் படத்தைப் பின்னுக்குத் தள்ளினார். "இந்த இடத்தை மட்டும் இன்னொருக்கா."

சத்திரத்து வாசல். மழை. தும்பியும் கல்யானையும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யானையின் காலில் பாசி பிடித்திருக்கிறது. தும்பி குனிந்து நகத்தால் சுரண்டப் போகிறாள்.

"இருக்கட்டும். குளுகுளுன்னு இருக்கு" என்கிறது யானை.

தும்பி கையை எடுத்துக்கொள்கிறாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

தடாலென்று சுவரை உடைத்துக்கொண்டு சூப் பூதம் குதித்தது.

டீச்சர் நிறுத்தினார்.

"இது ஏன் இப்ப வந்துச்சு?"

"வராட்டி அங்க என்னங்க இருக்கு? மழையைப் பார்த்துட்டு நிப்பாங்க."

"நின்னா?"

"பார்க்கறவங்க வேற எதுக்காவது போயிருவாங்கன்னு ஒரு பயந்தானுங்க."

"யாருக்குப் பயம்?"

"எடுக்கறவங்களுக்கு."

"யாரைப் பார்த்து?"

செங்கோடன் போனில் நின்ற பூதத்தைப் பார்த்தார்.

'கதை நகரவில்லை' என்று அவர் எழுதிய வாரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நிறையவே இருந்தன.

டீச்சர் அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"என்னை மாதிரி ஆளுங்களைப் பார்த்துத்தானுங்க" என்றார் செங்கோடன், மெதுவாக.

பிறகு, "அப்ப நல்லா இருக்குதுன்னு எழுதோணுங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, அதெப்படி? மொக்கையை மொக்கைன்னுதான் எழுதணும்."

டீச்சர் சேலையின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

"இந்த மழை வந்தப்ப அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

செங்கோடன் யோசித்தார். பூங்கோதை காப்பி டம்ளரைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. 'ஏனுங்க, நம்ம...' என்று தொடங்கியதும் ஞாபகம் வந்தது.

"ஏதோ சொல்ல வந்தாளுங்க."

"நீங்க?"

"'சும்மா இரு, இப்ப ஏதாவது நடக்கும்'னேன்."

போனில் பூதம் சுவரை உடைத்த கோலத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

செங்கோடன் எழுந்தார். "வர்றேனுங்க டீச்சர்."

"விமர்சனம்?"

"அது கிடக்குதுங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எழுதி வைத்திருந்ததை எடுத்துப் படித்துப் பார்த்தார். வரிக்கு ஒரு நக்கல். ஒரு நக்கல் முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது குதித்தது. மொத்தத்தையும் அழித்தார். புதிதாக எழுதினார்.

'இந்த வாரம் மோசம். மழை பெய்த வரைக்கும் நன்றாக இருந்தது. அந்த மழையை நம்பாமல் பூதத்தை விட்டுவிட்டார்கள்.'

போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வந்தது. 'அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையா?'

செங்கோடன் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காற்று நன்றாக இருந்தது.

வீட்டில் பூங்கோதை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த எபிசோடை இன்னொருக்கா பார்க்கலாமா?"

அவள் நிமிரவில்லை. "எதை? அந்த சூப்பையா? குப்பைன்னீங்க."

"குப்பைதான். நீ வா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சோபாவில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மழை வந்தது. தும்பி குனிந்தாள். யானை வேண்டாம் என்றது. கூரை சொட்டியது.

செங்கோடன் நிறுத்தினார்.

"அன்னிக்கு இந்த இடத்துல ஏதோ சொல்ல வந்தியே."

"அது ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததையே சொல்லு."

பூங்கோதை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்த பார்வை அது. பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பவானியில ஒருக்கா மழைக்கு ஒதுங்குனமல்லங்க. பழக்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் புடிச்சுட்டு நம்மளைக் கூப்பிட்டாரு. உங்க ஒரு பக்கத் தோள் முச்சூடும் நனைஞ்சுபோச்சு. நீங்க எனக்கு எடம் விட்டுட்டு அப்படியே நின்னீங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று டி.வி.யைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பூதம் வரோணுமல்ல?"

"அது வெளியவே நிக்கட்டும். நீ சொல்லு."