யாருக்கும் கேட்காத வாசிப்பு

"நான் வாசிக்கிறது யாருக்குமே கேக்கல டீச்சர்," என்றான் கிளாரன்ஸ்.

ஹெப்சிபா டீச்சருக்கும் அவன் வயதுதான். ஆனால் அவன் தோளில் முதன்முதலாக, பாட்டுக்கு அடியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை மாட்டிவிட்டவர் அவர். அன்றிலிருந்து அவனுக்கு டீச்சர்.

"என்னாச்சு?"

"ராக் பேண்டுல சேர்ந்து தலையே நரைச்சுப் போச்சு. கொழும்பு, சிங்கப்பூர், எங்க போனாலும் போஸ்டர்ல பாடகன் முகம். என்னோட முழங்கை மட்டும் ஓரமா இருக்கும். போன வாரம் கச்சேரி முடிஞ்சதும் என் சொந்தத் தங்கச்சி கேக்கறா, 'ஏண்ணே, இன்னிக்கு நீ வாசிக்கலையா?'ன்னு."

டீச்சர் சிரிக்கவில்லை.

"எங்க 'உப்புக் காத்தே' பாட்டை ஆட்டோக்காரர் பாடறார். டீக்கடையில விசிலடிக்கிறாங்க. நானும் நின்னு நின்னு கேக்கறேன். என் வாசிப்பை ஒரே ஒருத்தர் வாய்க்குள்ள முணுமுணுத்தாப் போதும். இத்தனை வருஷமா அதுக்குத்தான் ஏங்கறேன்."

"இப்போ?"

"விட்டுடப் போறேன்."

டீச்சர் எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தார். ஆம்பிளிஃபையரை வெளியே தள்ளி வைத்தார்.

"அந்தப் பாட்டை வாசி."

"பாட்டு இல்லாம, டிரம்ஸ் இல்லாம, வெறும் பேஸை மட்டுமா?"

"வாசி."

வாசித்தான். தடித்த கம்பிகள் அடிக்குரலில் முனகின. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டில் தன் வாசிப்பைத் தனியாக அவனே கேட்டதில்லை. எல்லாரும் காலி செய்துபோன வீடு மாதிரி இருந்தது அது.

எதிர் மாடியில் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி ஈரப் புடவையை உதறிக்கொண்டிருந்தாள். கொடியில் போட்டாள். சுருக்கம் நீவினாள். பிறகு, தன்பாட்டுக்கு, பாடத் தொடங்கினாள்.

"உப்புக் காத்தே, உப்புக் காத்தே, என் ஊரு எந்தப் பக்கம்..."

சுருதி கொஞ்சம் பிசகித்தான் இருந்தது.

கிளாரன்ஸ் திகைத்துப்போய் விரலை எடுத்துவிட்டான்.

அவள் பாட்டும் நின்றது. அடுத்த வார்த்தையைத் தேடுகிறவளாக வானத்தைப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை, "எந்தப் பக்கம்..." என்று இழுத்தாள். அதற்குமேல் வரவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளாரன்ஸ் டீச்சரைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கறே?" என்றார் டீச்சர். "அங்க ஒருத்தி பாதி வழியில நிக்கறா."